ஆளைக் கூப்பிடவா, நாமளே இறங்கவா?

கக்கூஸ் தொட்டி நிறைந்துவிட்டது. ஆளைக் கூப்பிடுவதா, நாமே இறங்கி அள்ளுவதா? திருவேங்கடம் பக்கத்துக் காலனி ஒன்றில் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தோழர் இதைக் கேட்டார். காசு மிச்சம் பிடிக்க அல்ல. ‘நம்ம பீய அடுத்தவன் எதுக்கு அள்ளணும்? நாமளே அள்ளிட்டா அதான தோழர் சரி’ என்பது அவர் நியாயம். இன்னொருவர் குறுக்கிட்டார்: ‘அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பேச்சு? அந்தத் தெருவுல சொல்லிவிட்டா வந்து எடுத்துட்டுப் போறாங்க.’ ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். இரண்டு பேரும் தலித்துகள். இரண்டு பேர் வீட்டிலும் அம்பேத்கர் படம் தொங்குகிறது.

‘அந்தத் தெரு’ எது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. சங்கரன்கோவில், திருவேங்கடம், கோவில்பட்டி வட்டாரத்தில் அது அருந்ததியர் தெரு. சுவர் கட்டக் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம், கதவு செய்ய ஆசாரியைக் கூப்பிடுகிறோம். தொட்டிக்கு மட்டும் ‘ஆளை’க் கூப்பிடுகிறோம். வேலைக்குப் பெயர் கிடையாது, தெருவுக்குத்தான் பெயர். சாதி இந்து நம்மைப் பார்த்து ‘அந்தத் தெரு’ என்று சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது. அதே சொல் நம் வாயிலிருந்து வரும்போது டீ ஆறுவதற்குள் மறந்துபோகிறது. பள்ளரும் பறையரும் அருந்ததியரைப் பார்த்துப் பேசும் இந்தப் பேச்சை மேடையில் யாரும் பேசுவதில்லை. தலித் ஒற்றுமை கெட்டுப்போகுமாம். கெட்டுப்போக அங்கே என்ன இருக்கிறது என்பதைத் தொட்டி மூடியைத் திறந்தால்தான் தெரியும்.

சட்டத்தைப் பார்ப்போம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து முதலில் 1993-ல் ஒரு சட்டம் வந்தது. பிறகு 2013-ல் வந்த சட்டம், பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ மலத்தொட்டியிலோ ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் டிசம்பர் 6, அம்பேத்கர் மறைந்த நாள். முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது நகராட்சிக்கும் காண்டிராக்டருக்கும் மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. ‘எந்த நபரும்’ என்றுதான் ஏழாவது பிரிவு சொல்கிறது. காலனி வீட்டுக்காரரும் அந்த நபர்தான். ‘பாதுகாப்புக் கருவி’ என்ற ஓட்டை வழியாக அதிகாரிகள் நுழைந்து தப்பிப்பது வேறு கதை. கையுறை ஒரு ஜோடி கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிற நாடு இது.

2014-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படிச் செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. சாவுக்கான தொகை ஏறியிருக்கிறது. சாவு நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. சமூக நீதி மண் என்று மார் தட்டுகிறவர்கள் அந்தக் கணக்கையும் சேர்த்துத் தட்டட்டும்.

சரி, ஆளைக் கூப்பிட வேண்டாம். முதல் தோழர் சொன்ன மாதிரி நாமே இறங்கலாமா?

2019 மார்ச்சில் திருப்பெரும்புதூர் பக்கம் நெமிலியில் ஒரு வீட்டுத் தொட்டியில் ஆறு பேர் செத்தார்கள். அதில் வீட்டுக்காரரும் அவருடைய இரண்டு மகன்களும் அடக்கம். தொட்டிக்குள் இருக்கும் வாயு, இறங்குகிறவன் சாதியைப் பார்ப்பதில்லை. யார் இறங்க வேண்டும் என்பதை மட்டும்தான் சாதி முடிவு செய்கிறது. மேலே தண்ணீராகக் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. அடியில் இறுகிக் கிடக்கும் சகதியைக் கலக்கினால் ஹைட்ரஜன் சல்பைடு மொத்தமாகக் கிளம்பும். கொஞ்சம் இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. ‘வாடை போயிருச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கிற நேரம்தான் எமன் வருகிற நேரம். முகத்தில் துண்டைக் கட்டினால் நிற்காது. அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்ப்பது அதைவிட மோசம். உள்ளே மீத்தேனும் இருக்கிறது, வெடிக்கும். ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்கப் போகிறவரும் விழுவார். ஆறு பேர் சாவது அப்படித்தான்.

அதனால் ‘நாமே அள்ளுவோம்’ என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அதில் காந்தி வாடையும் அடிக்கிறது. 1901 கல்கத்தா காங்கிரசில் கக்கூஸ் கழுவியதைக் காந்தி எழுதி வைத்திருக்கிறார். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் மத்திய அரசின் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர் கக்கூஸ் குழிக்குள் இறங்கி அள்ளினார். பத்திரிகையெல்லாம் படம் வந்தது. தினமும் அள்ளுகிறவன் படம் செத்த பிறகுதான் வருகிறது. ஆனால் ஐயர் இறங்கிய குழியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது நம்ம வீட்டுத் தொட்டி இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் இங்கிலாந்துக்குப் போய்விட்டு வருவோம். அங்கே வீட்டு அடுப்புப் புகைபோக்கிக்குள் சின்னப் பையன்களை ஏற்றிக் கரி சுரண்டவிட்டார்கள். கரி படிந்து அவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருகிறது என்று 1775-லேயே மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார். 1803-ல் நீளக் கம்பில் பொருத்திய துடைப்பக் கருவி வந்துவிட்டது. பையன் தேவையில்லை. ஆனாலும் வீட்டுக்காரர்கள் விடவில்லை. ‘எங்க புகைபோக்கி வளைஞ்சு வளைஞ்சு போகுது, துடைப்பம் எட்டாது, பையன்தான் போகணும்’ என்றார்கள். 1810-களில் மக்கள் சபை நிறைவேற்றிய தடை மசோதாவைப் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. 1840 சட்டம் 21 வயதுக்குக் கீழே யாரும் ஏறக் கூடாது என்றது. யாரும் மதிக்கவில்லை. 1875-ல் ஒரு பையன் புகைபோக்கியில் மாட்டிச் செத்த பிறகு, போலீஸ் உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலே செய்ய முடியாது என்று சட்டம் போட்டார்கள். அப்போதுதான் நின்றது. கருவி வந்து 72 வருசம்.

அங்கே ஏறியவன் அநாதை, ஏழை. அவன் மகனும் ஏறித்தான் ஆக வேண்டும் என்று எந்த மனுவும் எழுதி வைக்கவில்லை. அப்படியிருந்தும் 72 வருசம் பிடித்தது. ‘துடைப்பம் எட்டாது’ என்ற பேச்சை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? ‘லாரிக் குழாய் அடி வரைக்கும் இழுக்காது, ஆள் இறங்கித்தான் ஆகணும்.’ அதே பேச்சு. அந்த நாட்டின் 1834, 1840 சட்டங்களில் இன்னொரு விஷயம் இருந்தது. புகைபோக்கி எந்த அகலத்தில், எந்த வளைவில் கட்ட வேண்டும் என்றும் விதித்தார்கள். கோளாறு கட்டடத்தில் இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள்.

நம்ம தொட்டிக்கு வருவோம். லாரிக் குழாய் ஏன் இழுப்பதில்லை? பதினைந்து வருசம் திறக்காமல் வைத்திருக்கிறோம். பெரிசாகக் கட்டிவிட்டால் நிறையவே நிறையாது என்று கொத்தனார் சொல்கிறார், நாமும் பெருமையாக நம்புகிறோம். அடி சிமெண்டு மாதிரி இறுகிவிடுகிறது. இரண்டு, மூன்று வருசத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. அப்படி எடுத்தால் சகதி தண்ணியாக இருக்கும், குழாயே இழுத்துக்கொள்ளும். அதையும் மீறி இறுகியிருந்தால் மேலே நின்று தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி இழுக்க வேண்டும். இரண்டு நாள் ஆகட்டும், இரண்டு லோடு ஆகட்டும். திறக்க வழியில்லாமல் மேலே தளம் போட்டு மூடியிருப்பவர்கள் இப்போதே ஒரு மூடி வைக்கச் சொல்லுங்கள்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஐயர் இறங்கிய குழி. இரண்டு குழி, ஒன்று நிறைந்ததும் அடுத்ததுக்குத் திருப்பிவிட வேண்டும். மூடி வைத்த குழி இரண்டு வருசத்தில் எருவாகிவிடும். வாடையில்லாத காய்ந்த மண். அதை வீட்டுக்காரர் மம்பட்டியால் எடுத்துத் தோட்டத்தில் போடலாம். ‘நாமே செய்வோம்’ என்ற தோழரின் ஆசை அங்கே நிறைவேறும். கரிசலில் ஒரு சிக்கல் உண்டு, தண்ணீர் லேசில் உறிஞ்சாது. மழைக்காலத்தில் நம்ம தொட்டிகள் பொங்குவதும் அதனால்தான். குழியைச் சுற்றி ஒரு அடிக்கு மணலோ ஜல்லியோ போட்டுக் கட்ட வேண்டும். அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டுகிற காண்டிராக்டர் இதைச் செய்ய மாட்டார், பக்கத்தில் நின்று செய்ய வைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு இரண்டாவது தோழர் ஒன்று கேட்டார். ‘லாரிக் குழாயப் பிடிக்கிறவனும் அதே தெருக்காரன்தான? என்ன மாறிருச்சு?’ நியாயமான கேள்வி. லாரி முதலாளி ஒரு சாதி, குழாய் பிடிப்பவர் ஒரு சாதி என்றுதான் பல ஊரில் இருக்கிறது. தாட்கோ கடனில் அருந்ததியருக்கே லாரி வாங்கிக் கொடு என்று கேட்கலாம், சிலர் கேட்கிறார்கள். உயிர் தப்பும், காசும் வரும். ஆனால் மலத்தோடு கட்டிய முடிச்சு அவிழாது. பேரூராட்சி லாரி வாங்க வேண்டும், டிரைவர் வேலையும் குழாய் வேலையும் நிரந்தரச் சம்பளத்தோடு அரசு வேலையாக வேண்டும், எல்லாச் சாதியும் மனுப் போட வேண்டும் என்பது என் பக்கம். சம்பளம் நன்றாக இருந்தால் மனு வருமா வராதா என்று பார்த்துவிடலாம். தோழருக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த கூட்டத்தை அருந்ததியர் தெருவில் வைத்து அவர்களிடமே கேட்பது என்று முடிவாகியிருக்கிறது. இதுவரை அந்தத் தெருவில் நாங்கள் கூட்டம் போட்டதில்லை.