கடல் யாருக்கு? வெள்ளம் யாருக்கு?

கடலும் தமிழனும் பிரிக்கவொண்ணாத உறவினர் என்று நாம் மேடைதோறும் முழங்கி வருகிறோம். நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றனர். அந்நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக்கினர். அவர்கள் கருதியது தலைவியின் இரங்கலை. எனினும், கடற்கரை நகரில் வாழ்வோருக்கு இரங்க வேறு காரணங்களும் உண்டு என்பதைக் குர்லாவில் குடியிருந்த பின்னரே நாங்கள் கற்றோம்.

ஆண்டுதோறும் பள்ளி விடுமுறையில் ஊரிலிருந்து உறவினர் வருகின்றனர். கோவையிலிருந்து வரும் வண்டிக்கே நம்மவர் இட்ட பெயர் குர்லா எக்ஸ்பிரஸ். வந்திறங்கியவர்களை மறுநாளே அழைத்துக்கொண்டு இந்திய நுழைவாயிலுக்கும், மெரீன் டிரைவுக்கும், ஜூகு மணலுக்கும் செல்கிறோம். அலைகளைக் கண்ட மாமா ஒருவர், "கொடுத்து வைத்தவர் மாப்பிள்ளை நீங்கள்! நினைத்தபோதெல்லாம் கடலைப் பார்க்கலாம்" என்கிறார். நாங்கள் சிரித்துத் தலையசைக்கிறோம். சென்ற விடுமுறையில் அவரை அழைத்து வந்ததற்குப் பிறகு கடலைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல நாணம் தடுக்கிறது. அந்த நாணத்தை விட்டொழிக்கவே இக்கட்டுரை.

கடற்கரைச் சுற்றுலா நகரில் வாழ்வது பெரும்பேறு என்போரின் வாதத்தை முதலில் முழுமையாக எடுத்துரைப்பதே நேர்மை. 1903இல் தாஜ் ஓட்டலும் 1924இல் நுழைவாயிலும் எழுந்த நாள் முதல் உலகம் இந்நகரின் வாசலுக்கு வந்து கொண்டிருக்கிறது. எலிபெண்டா குகைகள் 1987இலும், பழைய விக்டோரியா நிலையம் 2004இலும், மெரீன் டிரைவை ஒட்டிய கட்டடங்கள் 2018இலும் உலக மரபுச் சின்னங்கள் எனும் தகுதி பெற்றன. வருவோர் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், ஊர் சுற்ற வேண்டும். அதனால் வண்டியோட்டிக்கும் சமையற்காரருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் பிழைப்புக் கிடைக்கிறது. தாராவியில் விடியுமுன் இட்லி அவித்துத் தெருத்தெருவாக விற்கச் செல்லும் நம் மக்களும் இந்நகரின் பசியால் வாழ்பவரே. ஊரில் சாதியின் பேரால் கிணறும் தெருவும் மறுக்கப்பட்டவர்க்கு இந்நகரம் தொழிலையும், ஓரளவு தலைநிமிர்வையும் தந்தது. மெரீன் டிரைவின் கற்சுவரோ, செல்வனிடமும் ஏழையிடமும் காசு கேளாத ஆசனம்.

இவை யாவும் மெய், நாங்கள் மறுக்கவில்லை. எங்கள் வழக்கு வேறு. நன்மைகளை ஒரு பக்கமும் தீமைகளை மறுபக்கமும் வரிசையாக எழுதிக் கூட்டிக் கழித்து, 'நன்மையே மிகுதி' என்று தீர்ப்புரைக்கிறார்களே, அந்தக் கணக்குத்தான் பிழை. வரவு ஒருவர் பெயரிலும் செலவு மற்றொருவர் பெயரிலும் எழுதப்பட்ட பேரேட்டை எந்தக் கணக்கன் நேர் செய்ய இயலும்?

சான்று வேண்டுவோர் 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளை நினைவுகூர்க. அன்று ஒரே நாளில் சாந்தாகுரூசில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். சுற்றுலாப் பயணியர் நடமாடும் கொலாபாவில் அதே நாளில் பெய்தது ஏறத்தாழ 74 மில்லிமீட்டர். நகரம் ஒன்றுதான், வானமும் ஒன்றுதான். ஆயினும் அங்கே குடை நனைந்தது. இங்கே குடும்பங்கள் மூழ்கின. விகார், பவாய் ஏரிகளின் நீரைச் சுமந்து வரும் மித்தி ஆறு, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, குர்லாவையும் தாராவியையும் தழுவி மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேர்கிறது. அன்று பிற்பகல் கடல் நாலரை மீட்டர் அளவுக்குப் பொங்கி நின்றது. ஆறு கொண்டு வந்த நீரைக் கடல் ஏற்க மறுத்தது. மறுக்கப்பட்ட நீர் எங்கள் வீடுகளுக்குள் புகுந்தது. மாநிலமெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

குர்லாவில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் ஏற்றவற்றம் எங்கள் வாசற்படி வரை எட்டும். நாங்கள் கடலைத் தேடிச் செல்ல முடிவதில்லை. கடல் எங்களைத் தேடி வருகிறது. வருவது அழகு காட்டவன்று.

இது இயற்கையின் செயல், யாரை நோவது என்பார் உளர். இயற்கை மழையை மட்டுமே பெய்தது. மித்தியின் கரையிலிருந்த சதுப்பு நிலத்தை மேடாக்கிப் பாந்திரா-குர்லா வணிக வளாகத்தை எழுப்பியது இயற்கையன்று. ஆற்றை மடக்கித் திருப்பி, அதன்மேல் விமான ஓடுதளத்தை நீட்டியதும் இயற்கையன்று. நகரின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் வற்றிய வேளையில் மட்டுமே, கடத்தவல்லவை. இதையறிந்து, கடல் பொங்கும் வேளையிலும் நீரை இறைத்து வெளியேற்ற எட்டு நீரேற்று நிலையங்கள் திட்டமிடப்பட்டன. அவற்றுள் ஆறு நிறைவேறின. எஞ்சியவற்றுள் ஒன்று மாஹுல் நிலையம். குர்லா, செம்பூர், மாட்டுங்கா, சயான் பகுதிகளின் துயர் தீர்க்க வேண்டியது அதுவே. உப்பளத்து நிலம் கிடைப்பதில் எழுந்த சிக்கலால், பெருவெள்ளம் கண்டு இருபது ஆண்டுகள் சென்ற பின்னரும், 2025ஆம் ஆண்டின் மழைக்காலம் வரை அது இயங்கத் தொடங்கவில்லை.

மறுபுறம் நோக்குக. தென்மும்பையின் கடலோரப் பெருஞ்சாலை 2018இல் தொடங்கப்பெற்று, 2024இல் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏறத்தாழ பத்தரைக் கிலோமீட்டர் நீளம். செலவு பதின்மூவாயிரம் கோடி ரூபாய்க்கும் மேல். கடலைத் தூர்த்துச் சாலையிட ஆறு ஆண்டுகள் போதும்; கடலுக்கு நீரை இறைக்க இருபது ஆண்டுகள் போதா! அந்தச் சாலைக்கும் முன்பே அக்கடலில் உழைத்தவர் வொர்லியின் கோலி மீனவர். தங்கள் படகுகள் செல்லத் தூண்களுக்கிடையே போதிய இடைவெளி வேண்டுமென்று அவர்கள் போராடிய பின்னரே 60 மீட்டர் இடைவெளி 120 மீட்டராக்கப்பட்டது. கடலின் மூத்த குடிகளே கடலுக்குச் செல்ல வழி கேட்டுப் போராட வேண்டியிருந்ததென்றால், எங்களைப் போன்ற வந்தேறிகளின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இவ்விடத்து நம் காப்பியத்தின் பூம்புகாரை எண்ணிப் பார்ப்பது பொருந்தும். சிலப்பதிகாரம் அந்நகரை இரண்டாகப் பகுத்துக் காட்டுகிறது. கடலையொட்டியது மருவூர்ப்பாக்கம்; அங்கே வாழ்ந்தவர் கலம் ஏறி வந்த வேற்று நாட்டவர், மீன் விற்பவர், உப்பு விற்பவர், நெய்பவர், கொல்லர், தச்சர். அரச வீதியும் பெருவணிகர் மாடங்களும் அமைந்தது அப்பாலுள்ள பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் நடுவே இருவரும் கூடும் நாளங்காடி. உழைப்பவனுக்குக் கடல் அருகிலிருந்தது. ஏனெனில் கடல் அவனுக்குத் தொழிற்களம். மும்பையோ இதைத் தலைகீழாக்கிற்று. கடலைக் காட்சியாகக் காண்பவன் கரையில் வாழ்கிறான். கடலால் விளைந்த நகரில் உழைப்பவன் ஆற்றுப் பள்ளத்தில் வாழ்கிறான். இந்திரவிழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறும். இன்றைய நகரம் விழாக்களை மறப்பதில்லை. கடமையை மட்டுமே மறக்கிறது.

'குர்லாவில் காண என்ன இருக்கிறது?' என்று வினவுவோருக்கு ஒன்று கூறுவோம். மும்பையின் படமென்று அஞ்சலட்டைகளிலும் திரைப்படங்களிலும் உலகெங்கும் பரவியது எது? நுழைவாயிலுக்கு முன்னே நிற்கும் கறுப்பு மஞ்சள் டாக்சி அன்றோ? அந்தப் பிரிமியர் பத்மினி கார்கள் உருவானது குர்லாத் தொழிற்சாலையில். 2023ஆம் ஆண்டு அக்டோபரில் அவை சாலையை விட்டு விடைபெற்றபோது நகரமே கண்கலங்கியது. அவற்றைச் செய்த பட்டறையை எத்தனை பேர் நினைத்தனர்? 1925இல் நாட்டின் முதல் மின்சார ரயில் விக்டோரியா நிலையத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்த ஊரும் குர்லாவே. எந்த வழிகாட்டி நூல் இதைப் பயணிக்குச் சொல்கிறது?

உழைப்பை மறைத்த சுற்றுலா, வறுமையை மட்டும் கண்டுகொண்டது. தாராவிச் சந்துகளில் வெளிநாட்டவரை அழைத்துச் சென்று காட்டும் தொழில் இருபது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அங்குள்ள தொழில்களைக் காட்டி மதிப்பை உயர்த்துகிறோம் என்கின்றனர். உண்மையும் சிறிது இருக்கலாம். ஆனால் தம் வீட்டு அடுப்படி பிறர்க்குக் காட்சியாவதை அவ்வீட்டுப் பெண்ணிடம் கேட்டறிந்த பின்னரே அதை மதிப்பென்று கூறத் தகும்.

எம்மை நோக்கி எறியப்படும் இரு கற்களுக்கும் விடை கூறுவோம். 'ஆற்றை அழுக்காக்குபவர் நீங்களே' என்பது முதற்கல். ஆம், எங்கள் பக்கத்துப் பட்டறைகளின் எண்ணெயும் வீட்டுக் குப்பையும் மித்தியில் விழுகின்றன. அப்பழியை ஏற்கிறோம். ஆனால் குப்பையைக் கொட்டியவனைக் குற்றவாளி என்போர், ஆற்றையே சுருக்கியவனை வளர்ச்சியாளன் என்பது எந்த நீதி? 'பிடிக்காவிடில் ஊருக்குத் திரும்புவதுதானே?' என்பது இரண்டாம் கல். மூன்று தலைமுறையாக வேர்விட்ட மரத்தைப் பிடுங்கி எங்கே நடுவது? 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை மூழ்கியதை நாம் மறக்கலாமா? சதுப்பைத் தூர்த்த நகரம் எதுவாயினும் அதன் கதை ஒன்றே. மெரினாவை அழகுபடுத்த முனைந்து, மீனவரின் படகுகளை அகற்றப்போய், 1985இல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்த கொடுமையும் நம் தாய்மண்ணில் நடந்ததே.

சுற்றுலாப் பயணிமீது எங்களுக்குப் பகையில்லை. 2024இல் பார்சிலோனா மக்கள் பயணிகள்மீது நீர்த்துப்பாக்கியால் பீய்ச்சி வெறுப்பைக் காட்டினர். அதே ஆண்டு வெனிஸ் நகரம் பகற்பொழுது விருந்தினரிடம் நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. விருந்தோம்பலை அறமெனக் கொண்ட நமக்கு முன்னது ஏலாது. ஆனால் விருந்தினருக்கு முன்னறையை அலங்கரித்துவிட்டு, வீட்டாரைக் கொல்லைப்புற வெள்ளத்தில் நிறுத்துவது விருந்தோம்பலன்று. அது வீட்டுத் தலைவனின் அறங்கோடல்.

ஆதலின் நாங்கள் வேண்டுவன சில. மாஹுல் நிலையம் இனியும் தாமதமின்றி எழ வேண்டும். மித்திக்கும் அதன் கரைக் கண்டற்காடுகளுக்கும் மெரீன் டிரைவுக்குரிய மதிப்பு வேண்டும். அவையும் இந்நகரின் கடற்கரையே. கடலோரத்தில் எப்பணி தொடங்கினும், 'இதனால் குர்லாவில் நீர் எத்தனை அங்குலம் ஏறும்?' என்ற கேள்விக்கு விடை கூறிய பின்னரே முதற்கல் நாட்டப்பட வேண்டும்.

அரசிடம் கேட்குமுன் நம்மையும் கேட்டுக்கொள்வோம். நெய்தல் திணைக்கு விளக்கம் கூறும் நம் சங்க மேடைகளில் மித்தியைப் பற்றி எத்தனை முறை பேசியிருக்கிறோம்? 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆறு அபாய அளவைத் தொட்டு, குர்லாவின் கரையோரக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது, எத்தனை தமிழ் மன்றங்கள் கதவு திறந்து வைத்தன? பயணியின் கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு நம் நகரை நாமே பார்த்து வந்தோம்; அதுவே நம் பிழை.

அடுத்த விடுமுறைக்கு மாமா வருவார். அவரை நுழைவாயிலுக்கும் அழைத்துச் செல்வோம். கடலின் அழகில் நமக்கும் உரிமையுண்டு. ஆனால் அதற்கு முன்னாள் மாலை, மித்திப் பாலத்தின்மேல் அவரை நிறுத்தி, சுவர்களில் வெள்ளம் ஏறி நின்ற உயரத்தைக் கைநீட்டிக் காட்டுவோம். "மாமா, நாங்கள் கடல் நகரத்தார்தாம், இதுவே எங்கள் கரை" என்போம். அதன் பிறகும் அவர் எங்களைக் கொடுத்து வைத்தவர் என்பாராயின், அந்த வாழ்த்தைத் தலைவணங்கி ஏற்போம்.