சங்கு ஓய்ந்த ஊரில் கோடை விடுமுறை

ஏப்ரல் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டு, மே இறுதிவரை சிறு குழந்தைகள் வீட்டோடு இருக்க நேரும்போது, அவர்களுடைய பொழுதுக்கு ஒரு கிரமம் அவசியந்தானா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. விடுமுறையிலுமா நியமம் என்று கேட்பவர்களின் வாதத்தில், பத்து வயதுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, நியாயம் உண்டு. ஆனால் மூன்று வயதும் ஐந்து வயதுமான குழந்தைகளுக்கு, இதற்குப் பின் இது நடக்கும் என்று தெரிந்திருப்பதே பெரிய ஆறுதல் என்பதையும், அது தெரியாத நாட்களில்தான் அவர்கள் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் அடம் பிடித்து அழுகிறார்கள் என்பதையும், குழந்தை வளர்த்தவர் எவரும் அறிவர்.

எங்கள் கோலார் தங்கவயலில் இக்கேள்வி சற்றே விசேஷமானது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலைக் கைக்கொண்ட பிற்பாடு, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது வரை, ஊரின் பொழுதை நிர்ணயித்தது சுரங்கம்தான். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறையே அனலாய்க் கொதிக்கும் ஆழத்தில் வேலை செய்துவந்த தகப்பன்மார்கள் ஷிப்டுக்குப் புறப்படுவதையும் திரும்புவதையும் அனுசரித்தே, தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளான லைன் வீடுகளில் அடுப்பு எரிந்தது. குழந்தைகள் குளித்தன, உண்டன, உறங்கின. இரவு ஷிப்ட் முடித்துவந்த அப்பா ஒற்றை அறையில் தூங்கும்போது, அந்த வீட்டுக் குழந்தை தானாகவே நாலு வாசல் தள்ளிப் போய் விளையாடும். எவரும் அட்டவணை எழுதி ஒட்டியதில்லை. ஷிப்டுக்குச் சுரங்கத்தின் சங்கு ஊதியது, அதுவே போதுமானதாக இருந்தது.

இன்று அந்த ஸ்தானத்தை வகிப்பது, விடியற்காலையில் இவ்வூரின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து புறப்படும் பெங்களூர் ரயில். போகவும் வரவும் நெடுந்தூரம் தினமும் பிரயாணம் செய்து பிழைக்கும் தாய் தகப்பன்மார், குழந்தை கண் விழிக்குமுன் போய், அது கண் மூடும் நேரத்தில் திரும்புகிறார்கள். பகல் முழுவதும் பொறுப்பு தாத்தா பாட்டியுடையது. வயோதிகத்தின் அசதியில் பாட்டி சற்றுக் கண்ணயர வேண்டும் என்பதற்காகக் குழந்தையின் கையில் கைப்பேசி வருகிறது. பாட்டி எழுந்த பிறகும் அது கையை விட்டு இறங்குவதில்லை. இதற்காகப் பாட்டியைக் குறை சொல்வது அநியாயம். துணையில்லாத கிழவிக்கு வேறு உபாயம் ஒன்றும் நாம் காட்டவில்லை.

என் அபிப்பிராயத்தில், நாள் முழுவதையும் மணிக்கணக்காகப் பங்கிடுவது வீண் பிரயத்தனம். காலையில் ஒன்று, நடுப்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மூன்று காரியங்களை மட்டும் மாறாமல் நிலைநிறுத்தினால் போதும். இடைப்பட்ட பொழுது குழந்தையின் இஷ்டம். காலையில், வெயில் ஏறுமுன், வீட்டு வேலையில் அதற்கென்று ஒரு பங்கு இருக்கட்டும். குழாயில் தண்ணீர் வரும் நாளில் ஐந்து வயதுப் பெண் ஒருத்தி, தனக்கென்று கொடுத்த சின்னச் செம்பால் மொண்டு மொண்டு பானையை நிரப்புவதைப் பார்த்திருக்கிறேன். கீழே சிந்தியது பாதி, ஆனாலும் பானை நிரம்பும்வரை அவள் நகரவில்லை. நடுப்பகலில் கூழோ மோர்ச்சோறோ உண்ட பின், கதவைச் சாத்தி, பாட்டியும் குழந்தையும் சேர்ந்தே படுக்க வேண்டும். மாலையில் வெளியே ஓடி விளையாட வேண்டும்.

அந்த மாலைப்பொழுதுதான் இவ்வூரில் கவலைக்குரியது. சுரங்கம் அரைத்துத் தள்ளிய சயனைடு மண் மேடுகள் குடியிருப்புகளுக்கு அருகிலேயே நிற்கின்றன. காற்றடிக்கும் நாளில் அவற்றின் தூசு வீட்டுக்குள்ளேயே வந்து படிகிறது. சறுக்கி விளையாடத் தோதான சரிவு என்று குழந்தைகளுக்கு அவற்றின்மேல் ஆசை வருவது சகஜம். அந்தப் பக்கமும், கைவிடப்பட்ட சுரங்க வாய்களின் பக்கமும் அவர்கள் போகாதபடி காக்க, நடை தளர்ந்த ஒரு தாத்தாவால் இயலாது. லைனுக்கு ஒரு நிழலுள்ள திடலும் ஒரு குடிநீர்க் குழாயும் கோடை இரண்டு மாதங்களுக்காவது ஏற்பாடு செய்வது நகரசபைக்கு அசாத்தியமான செலவு அன்று. தெருவில் நான்கு வீட்டுப் பெரியவர்கள் முறைவைத்து உட்கார்ந்தால், மற்றவர்கள் அன்று ஓய்ந்திருக்கலாம்.

எட்டு மணிக்கே உறங்கவைக்க வேண்டும் என்று புத்தகங்கள் விதிப்பதை இவ்வூரில் அப்படியே பின்பற்றுவதற்கில்லை. ரயிலிறங்கி வரும் தகப்பன் முகத்தைக் காணாமலே குழந்தை வாரம் முழுவதையும் கழிக்குமாயின் அந்த நியமத்தால் என்ன பயன்? பகலில் நன்றாகத் தூங்கிய குழந்தை ஒன்பதரை வரை விழித்திருக்கட்டும். அப்பாவோடு ஒரு வாய் உண்ணட்டும். ஆனால் வந்தவர்கள், பகலெல்லாம் பிரிந்திருந்த பாசத்தால், பாட்டி குழந்தையிடமிருந்து வாங்கி வைத்த கைப்பேசியை எடுத்துக் கொடுத்து, பாட்டி மறுத்த தின்பண்டத்தையும் ஊட்டுவார்களேயானால், மறுநாள் காலை அந்தக் கிழவியின் சொல்லுக்கு மதிப்பிராது. ஆகையால், பாட்டி இன்று எதற்குச் சரி என்றாள், எதற்கு வேண்டாம் என்றாள் என்பதை வாசலிலேயே அவளிடம் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு அவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொள்வது உசிதம்.