உண்டியல் மாறிற்று, கணக்கு மறையலாமா?



இன்று இலால்குடி என வழங்கும் ஊரின் பழம்பெயர் திருத்தவத்துறை. அவ்வூர்க் கோயிலிற் பல்லவர், பாண்டியர், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அக்காலக் கொடைக் கல்வெட்டுகளைப் படிப்பார் ஒன்றை உணர்வர். கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, எதன்பொருட்டுக் கொடுத்தார், அதனைப் பொறுப்பேற்றவர் யார் என்பனவெல்லாம் அவற்றிற் பொறிக்கப்பெற்றிருக்கும். ஒரு நந்தா விளக்கு எரிதற்கு 90 ஆடுகளோ 96 ஆடுகளோ கொடுப்பர். ஏற்றவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளப்பர். ஆடு செத்தாலும் மூத்தாலும் தொகை குறைதல் கூடாது என்பதற்காகவே ‘சாவா மூவாப் பேராடு’ என எழுதிவைத்தனர். கொடையோடு கணக்கும் ஊரறியக் கல்லில் ஏறிற்று.

அன்று பெருங்கொடை அரசர்க்கும் செல்வர்க்குமே இயன்றது. இன்றோ கூலியுழவன் மகனும் தன் திறன்பேசியிலிருந்து 10 உருபாவை ஒரு நொடியில் அனுப்பலாம். 2016-இல் வந்த யுபிஐ முறை அதற்கு வழி திறந்தது. பூவாளூரிலோ அன்பிலிலோ புள்ளம்பாடியிலோ ஒரு படிப்பகத்திற்குக் கூரை வேய வேண்டுமெனின், செல்வர் வாயிலிற் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை. சிங்கையிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் அவ்வூர்ப் பிள்ளைகட்குப் புலனத்தில் (வாட்சப்பில்) ஒரு செய்தி போதும். இஃது எளிய மக்களுக்கு வாய்த்த பெருவலிமை; இதனை யாம் வரவேற்கின்றோம்.

இவ்வலிமை எத்துணைப் பெரிது என்பதை ஆர்வார்டு தமிழ் இருக்கை காட்டிற்று. 2015-இல் மருத்துவர்கள் சானகிராமன், திருஞானசம்பந்தம் ஆகிய இருவரும் சேர்ந்து 10 இலக்கம் தாலர் வழங்கித் தொடங்கிய அம்முயற்சிக்கு 60 இலக்கம் தாலர் வேண்டியிருந்தது. தமிழக அரசு 10 கோடி உருபா தந்தது. உலகெங்கும் வாழும் தமிழர் வலைத்தளத்தின் வழியாகவும் பொருளனுப்பினர். 2018-இல் இலக்கு நிறைவேறிற்று.

ஆயின் ஒன்றை எண்ணுக. ஆர்வார்டுக்கு அதன் பெயரே பிணை. நம் சிற்றூர் அறக்கட்டளைக்கு அப்படியொரு பெயரில்லை. அதற்குக் கணக்கு ஒன்றே பிணை. அக்கணக்கு எங்கே?

நாள்தோறும் முகநூலிலும் புலனத்திலும் வேண்டுகோள்கள் வந்து குவிகின்றன. பலவற்றில் அமைப்பின் பதிவெண் இல்லை; தனியொருவரின் வைப்பகக் கணக்கெண்ணே இருக்கின்றது. பசித்த குழந்தையின் முகத்தைப் படம்பிடித்து ஊரெல்லாம் பரப்புகின்றனர். அக்குழந்தை நாளை வளர்ந்து அப்படத்தைக் காணுங்கால் அதன் மானம் என்னாகும்? பொருள் திரளும் வரை நாளைந்து செய்தி விடுப்பவர், திரண்டபின் வாய்மூடிவிடுகின்றனர். கேட்டற்கு ஆயிரம் வழி கண்டவர்க்குக் கணக்குக் காட்டற்கு ஒரு வழி கிடைக்கவில்லையா?

தில்லிக்கு மட்டும் கணக்குத் தவறாமற் போகவேண்டும். அயல்நாட்டு நன்கொடை பற்றிய 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. மலேசியக் குடிமகனான தமிழன் இலால்குடி அறக்கட்டளையொன்றற்கு அனுப்பும் காசும் முதற்கண் பாரத மாநில வைப்பகத்தின் புதுத்தில்லி முதன்மைக் கிளையிலேயே இறங்கவேண்டும். தமிழன் தமிழனுக்குத் தரும் கொடை தில்லி வாயிலைத் தொட்டு வரவேண்டுமாம்! இக்கட்டினை யாம் கண்டிக்கின்றோம். ஆனால் தில்லிக்கு அஞ்சிக் கணக்கெழுதும் நாம், கொடுத்த தமிழனுக்கு அன்பினாற் கணக்குக் காட்டாதிருப்பது எவ்வகையில் அறமாகும்?

தொண்டு செய்வாரிடம் கணக்குக் கேட்பது அவரை ஐயுறுவதன்றோ எனச் சிலர் வினவுவர். அன்று, ஐயம் அவரை அணுகாமற் காப்பதே கணக்கு. ஏய்ப்பவன் ஒருவன் அகப்பட்டால், கொடுக்கும் கைகள் நூறு மூடிக்கொள்ளும். இழப்பு ஏய்த்தவனுக்கன்று, உண்மைத் தொண்டர்க்கும், அவரை நம்பியிருக்கும் ஏழை மாணாக்கர்க்குமே ஆகும்.

எனவே பொருள் திரட்டும் தமிழமைப்புகள் இவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும். பணம் அமைப்பின் பெயரிலுள்ள கணக்கிற்கே வருக. அதனை எடுக்க இருவர் கையொப்பம் வேண்டுக. எந்தக் குழுவிற் கேட்டார்களோ அந்தக் குழுவிலேயே திங்கள்தோறும் வரவும் செலவும் எஞ்சியதும் தூய தமிழில் வெளியிடப்பெறுக. பொருள் திரட்டித்தரும் வலைத்தளம் கட்டணம் கழிப்பின் அதுவும் மறையாது சொல்லப்பெறுக. உதவி பெறுவாரின் முகம் காட்டப்பெறாதிருக்க. கொடுப்பவரும் கொடுத்ததோடு அமையாது கணக்கைக் கேட்டுப் பெறுக. கேளாதிருப்பதும் ஒருவகைக் குற்றமே.

கல்லிற் பொறித்தற்கு உளியும் உழைப்பும் வேண்டியிருந்தன. அத்துணைப் பாடுபட்டும் நம் முன்னோர் ஓர் உழக்கு நெய்க்குக் கணக்கு வைத்தனர். விரல் நுனியில் எழுதக்கூடிய நாம் ஓர் உருபாவிற்கும் கணக்கு வைத்தல் அரிதன்று. திரட்டுக, திரட்டியதைக் காட்டுக! அதுவே தமிழறம்.