குறை சொல்ல வாருங்கள்

எமது நாளேட்டுக்கெனப் புதிதாக அமைக்கப்பட்ட இணையத்தளத்தை, அது பொதுமக்கள் பார்வைக்கு வருமுன்னர், மார்க்கத்தில் வாழும் வாசகர்கள் சிலரிடம் காட்டினோம். படித்தவர்கள், எழுதுபவர்கள், பொது அமைப்புகளில் பணிபுரிபவர்கள் என முதலில் பார்த்த பன்னிரண்டு பேரும் மிகவும் நன்றாக இருக்கிறது என்றே சொன்னார்கள். நாமும் மகிழ்ந்து போனோம். அந்த மகிழ்ச்சி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

மறுநாள் அதைப் பார்த்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. எமது ஏட்டைக் கையில் எடுத்தால் அவர் முதலில் திருப்புவது மரண அறிவித்தல் பக்கத்தையே. ஊரவர்களில் யார் போனார்கள், எந்த நாட்டில் யாருடைய பிள்ளைகள் துயரில் இருக்கிறார்கள் என்பதை அறிந்த பின்னர்தான் அவருக்கு உலகச் செய்தி. கைத்தொலைபேசியில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கும்படி கேட்டோம். மேல்மூலையில் உள்ள மூன்று சிறு கோடுகளைத் தொட்டால் பட்டியல் விரியும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வெள்ளைப் பின்னணியில் வெளிறிய சாம்பல் நிற எழுத்துகளைக் கண்களைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். சில நிமிடங்களின் பின், "எனக்குத்தான் உது விளங்கேல்லை, தம்பி. நீங்கள் வடிவாய்த்தான் செய்திருக்கிறியள்" என்று தொலைபேசியைத் திருப்பித் தந்தார்.

குற்றம் அவருடையதன்று, எம்முடையது. ஆயினும் பழியை அவர் தம்மீதே போட்டுக்கொண்டார். இதுவே நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய இடம். அகதிகளாக வந்த எமது மக்கள், மொழி புரியாத படிவங்களின் முன்னும் அலுவலக வரிசைகளிலும் நின்று நின்று, விளங்காமைக்குத் தம்மையே நொந்துகொள்ளப் பழகிவிட்டார்கள். விளங்கியவர் பாராட்டுகிறார், விளங்காதவர் மௌனமாக விலகிப் போகிறார். பாராட்டை மட்டும் கேட்டுவிட்டுத் தளத்தைத் திறப்பவர், யாருக்காக அதை அமைத்தாரோ அவரை இழந்துவிடுகிறார்.

இணையப் பக்கம் வெறும் அலங்காரமாக இருந்த காலம் போய்விட்டது. கனடாவுக்குள் இருந்துகொண்டு அகதி அந்தஸ்துக் கோருபவர் இன்று பொதுவாக இணைய வழியாகவே தமது விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கிறார். அந்த நடைமுறைகளைத் தமிழில் விளக்கவென எமது அமைப்புகள் பக்கங்களை அமைக்கின்றன. நல்ல முயற்சி. ஆனால் 2011இல் கூகிள் மொழிபெயர்ப்பில் தமிழும் சேர்ந்த நாள்முதல், ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்திடம் கொடுத்து, வந்ததை அப்படியே ஒட்டிவிடும் வழக்கமும் எம்மிடையே புகுந்துவிட்டது. ஆங்கிலத்தில் விசாரணையைக் குறிக்கும் சொல்லுக்கே செவிப்புலன் என்ற பொருளும் உண்டு. விசாரணைத் திகதி என்று வரவேண்டிய இடத்தில் செவிப்புலன் என்று வந்தால், புதிதாக வந்திறங்கிய ஓர் இளைஞன் அதைக் காது வைத்தியம் என்று கடந்துபோகக் கூடும். அவனது எதிர்காலமோ அந்த ஒரு திகதியில் தங்கியிருக்கிறது. வெளியிடுமுன் தமிழறிந்த ஒருவர் ஒருமுறை வாசித்திருந்தால் பிடிபட்டிருக்கக்கூடிய பிழை அது.

இணையத்தில் தமிழ் இன்று வாசிக்கத்தக்கதாக இருப்பதே குறை சொன்னவர்களால்தான். தொண்ணூறுகளை நினைவிற் கொண்டவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதை இறக்கிக் கணனியில் நிறுவாவிட்டால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமே திரையில் தோன்றும். புலம்பெயர்ந்த எம்மவர் பலர் பாமினியில் எழுதினோம். பாமினி இல்லாதவருக்கு அது புரியாத பாஷை. வாசிக்க முடியவில்லை என்ற முறைப்பாடு நாட்டுக்கு நாடு எழுந்தது. 1997ஆம் ஆண்டளவில் பல தேசத்துத் தமிழர்கள் பொதுக் குறியீடு ஒன்றுக்காகக் கூடி விவாதிக்கத் தொடங்கினர், திஸ்கி பிறந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து டாம், டாப் என்ற முறைகள் வந்தன. 1991ஆம் ஆண்டே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி, கணனிகளில் பரவிய பின்னர் ஏனையவற்றை மெல்ல மெல்ல ஒதுக்கியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களும் திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாறின. தெரியவில்லை என்று எவரும் வாய்திறந்திராவிட்டால் இம்மாற்றங்கள் நிகழ்ந்திரா.

இது எமது மரபுக்குப் புதியதுமன்று. நூலொன்றை ஆக்கியவர் அதை அவையில் அரங்கேற்றி, ஐயங்களுக்கு விடை கூறிய பின்னரே அது நூலென ஏற்கப்பட்டது. எழுத்தும் வாசிப்பவரின் வசதிக்காக மாறியே வந்திருக்கிறது. புள்ளியில்லாத ஓலை எழுத்தில் எகரமும் ஏகாரமும் மயங்கியமையால் வீரமாமுனிவர் அவற்றுக்கு வேற்றுமை செய்தார். தமிழ் உரைநடையில் நிறுத்தக் குறிகள் வேரூன்ற வழிசெய்தவர்களில் முதன்மையானவர் எங்கள் ஆறுமுக நாவலர்.

சட்டமும் இதனை வற்புறுத்துகிறது. ஒன்ராறியோவில் 2005இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் சட்டத்தின் கீழ், பொதுத்துறை அமைப்புகளும், 50 பேர் அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களும், தமது இணையத்தளங்களை 2021 ஜனவரி 1ஆம் திகதிக்குள் சர்வதேச நியமங்களுக்கு அமைவாக்கவேண்டும் என விதிக்கப்பட்டது. சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 ஆக இருத்தல் வேண்டும். எழுத்தை இருமடங்கு பெருப்பித்தாலும் பக்கம் பயன்படத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பவை அவற்றுட் சில. எமது அமைப்புகளிற் பெரும்பாலானவை சிறியவை. இவ்விதி அவற்றைக் கட்டுப்படுத்தாது. மனச்சாட்சி கட்டுப்படுத்தட்டும். தமிழுக்கு இன்னும் சற்றுக் கூடுதலான கவனம் தேவை. சுழிகளும் வளைவுகளும் நிறைந்த எமது எழுத்து, ஆங்கிலத்துக்குப் போதுமான அளவில் இட்டால் அடைந்து போகிறது. வரிகளை நெருக்கினால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் ஈகார விசிறியும் முட்டிக்கொள்கின்றன. நீண்ட சொற்களோ சிறிய திரையில் முறிந்து தொங்குகின்றன.

புதிய தளம் அமைப்போருக்கு நாம் பட்டறிந்து சொல்வது இது. "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், அக்கேள்விக்கு எம்மவரிடம் உள்ள பதில் "நல்லாயிருக்கு" ஒன்றுதான். ஒரு வேலையைக் கொடுங்கள். இந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கண்டுபிடியுங்கள், இந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு என்று பாருங்கள் எனக் கேட்டுவிட்டு, அருகில் வாய்மூடி இருங்கள். கைகாட்டாதீர்கள், அவர் எங்கே தயங்குகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெருந்தொகையானோரைத் திரட்ட வேண்டியதுமில்லை. ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் என்னும் ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐவரில் ஒருவர் மூக்குக்கண்ணாடி அணிந்த முதியவராகவும், ஒருவர் நேற்று வந்தவராகவும், ஒருவர் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் இங்கு பிறந்த பிள்ளையாகவும் இருக்கட்டும்.

நாம் எமது தளத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். எழுத்து கறுப்பாகிவிட்டது; பெரிதாகிவிட்டது. மரண அறிவித்தல் முகப்புக்கு வந்துவிட்டது. மட்டுப்படுத்தப்பட்ட இணைய வசதியோடு வாழும் புதியவர்களை எண்ணிப் பெரிய படங்களைக் குறைத்திருக்கிறோம். அந்த அம்மாவிடம் மீண்டும் செல்வோம். அவர் தாமாகவே அந்தப் பக்கத்தைக் கண்டெடுக்கும் நாளில்தான் தளம் திறக்கப்படும்.

வாசகர்களே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. எமது தளமாயினும் பிறருடையதாயினும், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். எழுதித்தான் சொல்லவேண்டும் என்பதில்லை. தொலைபேசியில் சொன்னாலும், சந்தியில் கண்டு சொன்னாலும் போதும். தெரியாத எழுத்துக்கு உங்கள் கண்ணையும், புரியாத வசனத்துக்கு உங்கள் அறிவையும் இனியேனும் நொந்துகொள்ளாதீர்கள்.