பழைய டிஸ்க்கைப் போட்டால் ஓடுமா?

எந்தக் கொன்சோல் திறம் என்ற சண்டை எங்களுக்குள் இன்னும் முடிந்தபாடில்லை. ஒரு பக்கம் பிளேஸ்டேஷன் ஆக்கள், இன்னொரு பக்கம் எக்ஸ்பொக்ஸ் ஆக்கள், நடுவில் மாரியோவைத் தவிர வேறொன்றையும் மதிக்காத ஒருவர். கிராபிக்ஸ், வேகம், கொன்ட்ரோலர் கைக்கு எப்படி இருக்கிறது என்று வருடக்கணக்காகக் கதைத்துக் களைத்துப்போய், கடைசியில் ஒரேயொரு கேள்வியில் வந்து நிற்கிறோம். புதுப் பெட்டியில் பழைய டிஸ்க்கைப் போட்டால் ஓடுமா?

ஓடினால் அது நல்ல கொன்சோல். ஓடாவிட்டால், எவ்வளவு வேகமான பெட்டியாக இருந்தாலும், எங்களிடம் ஏற்கெனவே இருப்பதை எங்களுக்கே திரும்ப விற்க வந்த பெட்டி என்றுதான் சொல்லுவோம். கொஞ்சம் கடுமையான தீர்ப்புத்தான். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்று விளக்குகிறோம்.

முதலில் பிளேஸ்டேஷன் 2. 2000 மார்ச்சில் யப்பானில் வெளியானது. உலகம் முழுக்க 16 கோடிக்கு மேல் விற்றது. இன்றுவரை அதிகம் விற்ற கொன்சோல் அதுதான். டிவிடி படம் பார்க்கலாம் என்பது பெரிய காரணம். எங்களுக்கு இன்னொரு காரணமும் முக்கியம்: முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளில் கிட்டத்தட்ட எல்லாமே அதில் ஓடின. டெக்கன் 3 வைத்திருந்தவர் அதைத் தூக்கிப்போடத் தேவையில்லை. பழைய மெமரி காட்டையும் செருகலாம், அதிலிருந்த சேவும் அப்படியே இருக்கும். புதுப் பெட்டி வாங்குகிறவனின் பழைய அலுமாரிக்கும் மரியாதை கொடுத்த கொன்சோல் அது.

2006இல் வந்த பிளேஸ்டேஷன் 3இன் முதல் மொடல்களிலும் இந்தக் குணம் இருந்தது. பிளேஸ்டேஷன் 2இன் சிப்பையே உள்ளே வைத்திருந்தார்கள். பிறகு செலவைக் குறைக்க அதைக் கழற்றிவிட்டார்கள். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 3இன் டிஸ்க்கை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அங்கேதான் எங்கள் மனம் முறிந்தது. அதற்குப் பிறகு 'ரீமாஸ்டர்' என்ற பெயரில் பழைய கேம்கள் வரிசையாக வந்தபோது, கதவை யார் பூட்டினார்கள், சாவியை யார் விற்கிறார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. பிளேஸ்டேஷன் 5 தனக்கு முந்தைய தலைமுறையின் கேம்களைக் கிட்டத்தட்ட முழுமையாக ஓட்டுகிறது. அந்த அளவில் பாராட்டு.

நின்டெண்டோவும் இந்த விசயத்தில் ஒரு காலம் நல்ல பிள்ளைதான். கேம் போய் அட்வான்ஸ் பழைய கேம் போய் கார்ட்ரிஜ்களை ஏற்றது. டிஎஸ் அட்வான்ஸின் கார்ட்ரிஜ்களை ஏற்றது. வீ கேம்கியூப் டிஸ்க்கை ஓட்டியது, வீ யூ வீயின் டிஸ்க்கை ஓட்டியது. 2017இல் சுவிட்ச் வந்து அந்தச் சங்கிலியை அறுத்தது. 2025இல் வந்த சுவிட்ச் 2 பழைய சுவிட்ச் கேம்களை ஓட்டுகிறது. அதே நேரம், கேமே உள்ளே இல்லாத கார்ட்டுகளையும் கடையில் விற்கிறார்கள். கார்ட்டைச் செருகினால் இன்டர்நெட்டில் இருந்து கேமை இறக்க வேண்டும். பெட்டி வாங்கி வந்து திறந்தால் உள்ளே துறப்பு மட்டும் இருக்கிறது.

எங்கள் அளவுகோலில் அதிகப் புள்ளி எடுப்பது எக்ஸ்பொக்ஸ். 2015இல் தொடங்கி எக்ஸ்பொக்ஸ் 360 கேம்களையும், பிறகு முதல் எக்ஸ்பொக்ஸ் கேம்களையும் புதிய பெட்டிகளில் ஓட வைத்தார்கள். டிஸ்க் கையில் இருந்தால் அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. 2021 நவம்பரில் கடைசித் தொகுதியைச் சேர்த்துவிட்டு, சட்டச் சிக்கல், உரிமச் சிக்கல் என்று சொல்லி நிறுத்தினார்கள். எங்கள் கூட்டத்தின் பிளேஸ்டேஷன் ஆக்களுக்கு இதை எழுதுவது கசக்கிறது. என்றாலும் உண்மை உண்மைதான்.

சரி, 'பழைய கேமை இப்ப யார் விளையாடப் போறாங்கள்?' என்று கேட்பீர்கள். விளையாட ஆளில்லை என்றால் நிறுவனங்கள் ஏன் அவற்றை ஓயாமல் திரும்ப விற்கின்றன? பெரிய தொடர்களைப் பாருங்கள். ரெசிடன்ட் ஈவில் 2, 3, 4 எல்லாம் புதிதாகச் செய்யப்பட்டுவிட்டன. ஃபைனல் ஃபான்டசி 7 ஒரே கதையைப் பல பாகமாகப் பிரித்துத் திரும்பச் செய்யப்படுகிறது. சைலன்ட் ஹில் 2 2024இல் புதுமுகத்தோடு வந்தது. இவற்றில் சிலது உண்மையிலேயே அருமையான வேலை. ரெசிடன்ட் ஈவில் 4ஐ நாங்கள் இரண்டு வடிவிலும் முடித்தோம். 2005இல் வந்ததில் நின்று குறிபார்த்துத்தான் சுடலாம். நடந்துகொண்டே சுட முடியாது. 2023இல் வந்ததில் முடியும். அந்த ஒரு மாற்றம் பயத்தின் தன்மையையே மாற்றிவிடுகிறது. எது சிறந்தது என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. ஆனால் இரண்டும் இன்று விற்பனையில் இருப்பதால்தான் அந்தச் சண்டையையே எங்களால் பிடிக்க முடிகிறது. கப்கொம் நிறுவனம் முதல் மூன்று ரெசிடன்ட் ஈவில்களின் பழைய வடிவத்தையும் 2024இல் கொம்பியூட்டருக்குத் திரும்ப வெளியிட்டது. இப்படித்தான் செய்ய வேண்டும்: புதியதைச் செய், பழையதையும் விட்டுவை.

மறுபக்கமும் இருக்கிறது. ஜிடிஏ தொடரின் மூன்று பழைய கேம்களை 2021இல் 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்று வெளியிட்டார்கள். சான் அன்ட்ரியாஸ் விளையாடாத ஆளை எங்கள் வயதில் தேடிப் பிடிக்கவேண்டும், எல்லோரும் காத்திருந்தோம். வந்த சாமானோ, மழை பெய்தால் திரை தெரியாது, கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை, முகங்கள் ரப்பர் பொம்மை மாதிரி. பிழை விடுவது வேறு விசயம். அதை விற்பதற்காகப் பழைய நல்ல வடிவத்தை ஒன்லைன் கடைகளில் இருந்து முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள் என்பதுதான் எங்களைக் கொதிக்க வைத்தது. கத்திக் குழறிய பிறகு மன்னிப்புக் கேட்டு, கொம்பியூட்டர் வடிவத்தை மட்டும் திரும்பக் கொடுத்தார்கள். நின்டெண்டோ இன்னும் ஒருபடி மேலே போனது. சுப்பர் மாரியோ 3டி ஓல்-ஸ்டார்ஸ் என்ற தொகுப்பை 2020 செப்டெம்பரில் வெளியிட்டு, 2021 மார்ச் 31உடன் விற்பனையை நிறுத்தியது. மாரியோவுக்கு 35 வயது என்று கொண்டாடியவர்கள், அந்த மாரியோ கேம்களையே ஆறு மாதத்தில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

இதெல்லாம் இரசிகர்களின் சின்னச் சிணுங்கல் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. நூற்றுக்குப் பதின்மூன்றுதான் கடையில் கிடைக்கிறது. 2023 மார்ச்சில் நின்டெண்டோ 3டிஎஸ்ஸுக்கும் வீ யூவுக்குமான ஒன்லைன் கடைகள் மூடின. எக்ஸ்பொக்ஸ் 360இன் கடை 2024 யூலையில் மூடியது. டிஸ்க்காகவோ கார்ட்ரிஜ்ஜாகவோ வராமல் அங்கே மட்டும் விற்ற கேம்களில் பல இன்று எங்கும் வாங்கக் கிடையாது. விற்பனையில் இல்லாத கேம்களை ஆய்வாளர்கள் தூரத்தில் இருந்து பார்க்க நூலகங்கள் வழிசெய்யலாமா என்று கேட்டதற்கு, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 ஒக்டோபரில் இல்லை என்று சொல்லிவிட்டது. எங்கள் பழைய சஞ்சிகைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் ஸ்கான் பண்ணி வைக்கிற 'நூலகம்' இணையத்தளத்தைப் பயன்படுத்தி வளர்ந்த எங்களுக்கு, ஒரு பொருள் தானாகத் தப்பிப் பிழைக்காது, யாராவது எடுத்து வைத்தால்தான் இருக்கும் என்பது நன்றாகத் தெரியும். கேமும் அப்படித்தான்.

இனி எங்கள் ஊர்க் கதை. எங்களில் பலரின் முதல் கொன்சோலில் நின்டெண்டோ என்ற பெயரே இல்லை. டிவி கேம் என்றுதான் சொன்னோம். 1983இல் யப்பானில் வந்த ஃபாமிகொம் என்ற கொன்சோலின் நகல் அது. உள்ளே செருகும் கார்ட்ரிஜ்ஜைக் கசட் என்றோம். மேலே 9999 கேம் என்று ஒட்டியிருக்கும். உள்ளே மாரியோவும் கொன்ராவும் வாத்துச் சுடுவதும் பெயர் மாறி மாறித் திரும்ப வரும். ஓடாவிட்டால் கசட்டை ஊதுவோம். பிறகு பிளேஸ்டேஷன் 2 வைத்திருந்த கேம் கடைகள். மணித்தியாலக் கணக்குக்குக் காசு கொடுத்து, அடுத்த பெடியன் தோளில் தட்டும்வரை விளையாடுவது. அங்கே சுழன்ற டிஸ்க்குகள் எல்லாம் கொப்பி என்பது கடைக்காரருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அது சரி என்று வாதாட வரவில்லை. கேமைச் செய்தவர்களுக்கு எங்கள் காசில் ஒரு சதமும் போகவில்லை. ஆனால் எங்களை விளையாட்டாளர்களாக ஆக்கியது அந்தக் கொப்பிகள்தான் என்பதை மறைப்பதும் பொய்.

இன்று உழைக்கிறோம், காசு கொடுத்து வாங்க விரும்புகிறோம். வாங்கிப் பார்த்தால்தான் சிக்கல் விளங்குகிறது. ஒரு புதிய கேம் 70 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் 21,000 ரூபா. டிஸ்க்காக வாங்கினால் முடித்துவிட்டு நண்பருக்குக் கொடுக்கலாம், விற்கலாம், மாற்றலாம். ஐந்து பேர் சேர்ந்து ஒரு டிஸ்க்கை வாங்கி வரிசையாக விளையாடலாம். எங்கள் ஊரில் இந்த விலைக்குக் கட்டுப்படியாகிற வழி அதுதான். அந்த வழியைத்தான் அடைக்கிறார்கள். 2024 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 புரோ வந்தபோது அதன் விலை கிட்டத்தட்ட 700 டொலராக இருந்தது. டிஸ்க் போடும் பகுதியைத் தனியாக வாங்க வேண்டும். எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எஸ்ஸில் டிஸ்க் போட வழியே இல்லை. மேலே கொடுத்த புள்ளியில் இதற்காகப் பாதியைத் திரும்ப எடுக்கிறோம்.

ஒன்லைனில் வாங்கினால் என்ன என்பீர்கள். பிளேஸ்டேஷன் நெட்வேர்க் சேவை அதிகாரபூர்வமாகக் கிடைக்கும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. 2024 மேயில், ஹெல்டைவர்ஸ் 2 கேமைக் கொம்பியூட்டரில் விளையாடுகிறவர்களுக்கும் அந்தக் கணக்குக் கட்டாயம் என்று அறிவித்தபோது, சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தக் கேமின் விற்பனையே நிறுத்தப்பட்டது. எதிர்ப்பால் கட்டாயத்தைச் சில நாட்களில் கைவிட்டார்கள். ஆனால் உலக வரைபடத்தில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது அன்று தெரிந்தது. இங்கே இருக்கிறவர்கள் வேறு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்துதான் ஒன்லைனில் வாங்குகிறார்கள். எங்களில் ஒருவரின் கணக்கு ஒருநாள் பூட்டப்பட்டது. எந்தக் கடை என்பது முக்கியமில்லை. மூன்று வருடமாக வாங்கிய கேம் எல்லாம் அதற்குள். நீங்கள் எந்த நாடு என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் கணக்குப் போகும், பொய் சொன்னால் ஆவணம் கேட்பார்கள். கடைசியில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, கேம்களும் வரவில்லை.

வாங்கினோம் என்று நினைத்தது வாங்கியதே இல்லை என்பது சட்டத்திலும் எழுதப்பட்டுவிட்டது. கலிபோர்னியாவில் 2025இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒன்லைன் கடைகள் விற்பது உரிமம் மட்டுமே என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உரிமம் என்றால் என்ன என்று த குரூ என்ற கார் ஓட்டக் கேமை வாங்கியவர்களைக் கேளுங்கள். 2014இல் வந்த கேம். 2024 மார்ச் முடிவில் சேர்வரை நிறுத்தினார்கள். தனியாக விளையாடுகிற பகுதிக்கும் சேர்வர் தேவை என்பதால் டிஸ்க் கையில் வைத்திருந்தவருக்கும் கேம் செத்தது. அதிலிருந்துதான் 'ஸ்டொப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் பிறந்து, ஐரோப்பாவில் 10 இலட்சத்துக்கு மேல் கையெழுத்துச் சேர்த்தது. என்றென்றைக்கும் சேர்வர் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது, வாங்கியவர் தொடர்ந்து விளையாட ஒரு வழியை விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். நியாயமான கோரிக்கை.

கேம் செய்வது கோடிக்கணக்கில் செலவாகும் வேலை, பழைய கேமைப் புதிய பெட்டியில் ஓட வைப்பதும் இலேசில்லை என்பது எங்களுக்கும் விளங்குகிறது. பாட்டுக்கும் கார்ப் பெயருக்கும் எடுத்த உரிமம் முடிந்தால் கேமை விற்க முடியாமல் போவதும் உண்மை. அதற்காக ஏற்கெனவே காசு கொடுத்தவரிடம் இருந்து பறிப்பதை ஏற்க முடியாது. திரும்ப விற்கப்போவதும் இல்லை, மற்றவர் பாதுகாக்கவும் விடமாட்டோம் என்பதையும் ஏற்க முடியாது.

எங்கள் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. டிஸ்க்காகக் கிடைப்பதை டிஸ்க்காக வாங்குங்கள். நல்ல பழைய வடிவம் விற்பனையில் இருந்தால் அதற்கும் காசு கொடுங்கள். அது விற்றால்தான் அடுத்ததைக் கொண்டுவருவார்கள். வீட்டில் பழைய பிளேஸ்டேஷன் 2 கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள். பழைய பெட்டி ரீவியையும் பார்த்துத்தான் எறியுங்கள். வாத்துச் சுடும் துவக்கு அந்தக் கண்ணாடித் திரையின் ஒளியை நம்பித்தான் வேலை செய்தது. இன்றைய எல்சிடி ரீவியில் எத்தனை தரம் சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது.

எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரு ஏற்பாடு இருக்கிறது. யாரிடம் என்ன டிஸ்க் இருக்கிறது, எந்தக் கொன்சோல் இன்னும் வேலை செய்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். கேட்டால் கொடுப்போம், கீறாமல் திரும்பத் தரவேண்டும். உங்களிடமும் இருந்தால் சொல்லுங்கள், பெயரைச் சேர்த்துக்கொள்கிறோம். எந்தக் கொன்சோல் திறம் என்ற சண்டையை அதற்குப் பிறகு ஆறுதலாகப் பிடிப்போம்.