லூன் எனக்காக ஆடவில்லை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதுவரை அதிக இதயங்கள் வாங்கிய வீடியோ என்னுடையதுதான். மொத்தமே பத்தொன்பது விநாடி. ஏரியின் மேல் புகை போல நீராவி. நடுவில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய பறவை. திடீரென்று அது தண்ணீர் மேல் நெட்டுக்குத்தாக எழுந்து, இறக்கையைப் படபடவென்று அடித்து, வெள்ளை வயிற்றைக் காட்டி ஆடுகிறது. பின்னணியில் என் குரல்: "ஐயோ, என்னைப் பார்த்து டான்ஸ் ஆடுது பாரேன்!" கோயம்புத்தூர் பெரியம்மா அதைத் தன் வாக்கிங் தோழிகள், பஜனை மண்டலி, பழைய ஆபீஸ்காரர்கள் என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

அந்தக் குரலை இப்போது கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஜூன் மாத நடுவில் எடுத்தது அது. டொராண்டோவிலிருந்து வடக்கே சுமார் மூன்று மணி நேரம் காரில் போனால் ஹாலிபர்ட்டன் என்கிற பகுதி. பாறை, காடு, ஏரி. மறுபடி பாறை, காடு, ஏரி. ஒன்டாரியோ மாகாணத்தில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஏரிகள் உண்டு. அதில் ஒரு சின்ன ஏரிக்கரையில் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து வாரக் கடைசிக்கு ஒரு வீடு எடுத்திருந்தோம். வீட்டோடு ஒரு கயாக்கும் இருந்தது.

கயாக்கைப் பார்க்காதவர்களுக்கு: பரிசலும் இல்லை, தோணியும் இல்லை. ஒல்லியான படகு, ஒருவர் உட்காரத்தான் குழி. காலை நீட்டி உட்கார்ந்தால் நம் இடுப்பு கிட்டத்தட்ட தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். இரு முனையிலும் தகடு உள்ள ஒரே துடுப்பை இடம், வலம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அரை அடி ஆழத்தில்கூடப் போகும். சத்தமே வராது. இந்தக் கடைசி இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போக வீட்டுக்காரர் மூன்று நிபந்தனை போட்டார். லைஃப் ஜாக்கெட்டும் விசிலும் வேண்டும் (இது இங்கே சட்டமும்கூட), ஏழு மணிக்குள் திரும்ப வேண்டும், படகுத்துறையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டைக் காப்பாற்றினேன்.

காலை ஐந்தரைக்கு ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. கரையை விட்டு விலகியதும் கொசுவும், அதைவிடக் கொடிய கறுப்பு ஈயும் குறைந்தன. விழுந்து கிடந்த மரத்தில் ஆமைகள் சின்னத் தட்டுகளை அடுக்கியது போல வரிசையாக ஏறியிருந்தன. நம்மூர் சாம்பல் நாரைக்கு அண்ணன் மாதிரி ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்றது. நீந்திக்கொண்டிருந்த பீவர் என்னைக் கண்டதும் தட்டை வாலால் தண்ணீரில் 'பளார்' என்று ஓர் அறை விட்டு மூழ்கியது. 'ஆபத்து வருகிறது' என்று வீட்டாருக்குச் சொல்கிற சத்தம் அது. அந்த ஆபத்து நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

பீவரை நான் முன்பே அறிவேன், ஐந்து சென்ட் காசில். கனடா சில்லறைப் பையே ஒரு மிருகக்காட்சி சாலை. இருபத்தைந்து சென்ட்டில் காரிபூ மான், இரண்டு டாலரில் பனிக்கரடி, ஒரு டாலரில் லூன். 1987-ல் அந்தக் காசு வந்ததிலிருந்து ஒரு டாலருக்கே 'லூனி' என்று பேர். தினமும் டீக்கடையில் எண்ணிக் கொடுத்த பறவையை நேரில் பார்க்கத்தான் இவ்வளவு காலை.

முதல்நாள் இரவே அதன் குரல் கேட்டிருந்தது. நீளமான ஓர் ஊளை. பதிலுக்குத் தூரத்திலிருந்து இன்னொன்று. என் சின்னவள் போர்வைக்குள் புகுந்துகொண்டு, "அம்மா, ஓநாயா?" என்றாள். ஜோடி பிரிந்திருக்கும்போது 'நீ எங்கே?' என்று கேட்டுக்கொள்கிற குரல் அது.

ஏரி நடுவில் மேசை அளவுக்குச் சின்னச் சின்னப் பாறைத் திட்டுகள். ஒன்றின் ஓரத்தில், தண்ணீரை ஒட்டி, அழுகிய புல்லைக் குவித்த மேடு. அதன் மேல் ஒரு லூன். கழுத்தைத் தண்ணீர்ப் பக்கமாக நீட்டி, தலையைத் தரையோடு தரையாக வைத்துப் படுத்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்தேன். உடம்பு சரியில்லையோ என்றும் தோன்றியது. பக்கத்தில் போனேன். இன்னும் பக்கத்தில் போனேன். ரத்தச் சிவப்புக் கண் தெரிகிற தூரம்.

சரக்கென்று தண்ணீரில் வழுக்கி இறங்கியது. மேட்டில் இரண்டு முட்டைகள். கோழி முட்டையைவிட நல்ல பெரிசு, பாசி நிறம், கரும்புள்ளி. அப்புறம்தான் ஆட்டம். இன்னொரு லூனும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. பைத்தியக்காரச் சிரிப்பு மாதிரி நடுங்குகிற ஒரு சத்தம் போட்டது. எனக்கோ பரவசம். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அங்கேயே மிதந்தேன்.

மதியம் வீட்டு உரிமையாளர் விறகு கொண்டுவந்து போட்டார். எழுபதைத் தாண்டிய அம்மாள். சிறு வயதிலிருந்து அந்த ஏரிதான் அவருக்கு உலகம். பெருமையாக வீடியோவைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே பார்க்க ஆரம்பித்தவர் முகம் பாதியில் மாறியது.

"எவ்வளவு தூரத்தில் இருந்தீங்க?"

"பத்தடி இருக்கும்."

"எவ்வளவு நேரம்?"

சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மரக்கட்டை ஒன்றில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். அந்த ஆட்டம் நடனம் இல்லை. உயிர் போகிற பதற்றத்தில் 'போய்விடு' என்று மிரட்டுவது. அந்தச் சிரிப்பும் சிரிப்பில்லை, அலறல். கழுத்தை நீட்டிப் படுத்திருந்ததே, அதுதான் முதல் எச்சரிக்கை. பயந்தால் அப்படி ஒடுங்கும். அதைத் தாண்டியும் நெருங்கினால்தான் கூட்டை விட்டு இறங்கும்.

லூனின் கால்கள் உடம்பின் கடைக்கோடியில் இருக்கின்றன. முங்கி மீன் பிடிக்க அருமையான அமைப்பு. எலும்புகூட மற்றப் பறவைகள் போல உள்ளே காற்றாக இல்லாமல் கெட்டியாக இருக்கும். ஆனால் தரையில் நடக்க வராது. அதனால்தான் தண்ணீர் விளிம்பிலேயே கூடு. இடுவது பெரும்பாலும் இரண்டே முட்டை. நாலு வாரம் அப்பனும் ஆத்தாளும் முறை வைத்து அடைகாக்கும். இறங்கி நிற்கிற நேரத்தில் முட்டை குளிர்ந்துபோகலாம். கடற்காகமோ அண்டங்காக்கையோ கொத்திக்கொண்டு போகலாம்.

"மோட்டார் படகு தூரத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும், ஆழத்தில் போகும், கடந்துவிடும்," என்றார் அந்த அம்மாள். "உங்க கயாக் கூட்டு வாசல் வரைக்கும் வருது. வந்து நிக்குது."

மோட்டார்காரர்களைப் பற்றி இந்தப் பத்தியிலேயே நான் முகம் சுளித்து எழுதியிருக்கிறேன். சத்தமில்லாமல் போகிறவள் இயற்கைக்கு நெருக்கமானவள் என்று எனக்கொரு நினைப்பு. நெருக்கம் என்னவோ உண்மைதான்.

அன்று இரவு திருப்பத்தூருக்குப் போன் போட்டு அம்மாவிடம் புலம்பினேன். எங்கள் ஊருக்குப் பக்கம்தான் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். "ஏத்தா, கொள்ளுக்குடிப்பட்டியில தீபாவளிக்கு வெடி போடுறாகளா? கம்மாயில பறவ அடஞ்சிருக்குன்னு பச்சப்புள்ளகூட கம்முனு கெடக்கு. நீ படிச்சவ, போயி வீட்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டு வந்திருக்க," என்றார். வீடியோவை அழிக்கச் சொல்லிக் குழுவில் கேட்டேன். பெரியம்மா, "அழிச்சுட்டேன்மா. இருந்தாலும் ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு" என்று போட்டார்.

ஜூலை நடுவில் அதே வீடு இரண்டு நாள் கிடைத்தது. இந்தத் தடவை பைனாகுலர் வாங்கியிருந்தேன். கயாக்கில் பைனாகுலர் பிடிப்பது ஒரு வித்தை. மூச்சு விட்டாலே படகு அசைந்து பறவை வட்டத்தை விட்டு ஓடும். இதற்குள் ஒரு பழக்கம் பிடிபட்டிருந்தது: எந்தப் பிராணியும் தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தால், நான் அதிகம் நெருங்கிவிட்டேன். உடனே பின்பக்கமாக நாலு துடுப்பு. அன்று நாரை என்னைக் கண்டுகொள்ளாமல் ஒரு தவளையை விழுங்கியது. பீவர் வாலை அடிக்கவில்லை. ஒரு கிளையை வாயில் கவ்விக்கொண்டு தன் போக்கில் போனது.

பாறைத் திட்டின் பக்கம் போகவில்லை. எதிர்க்கரை நிழலில் ஒதுங்கிக் காத்திருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து ஏரியின் அந்தக் கோடியில் இரண்டு லூன்கள். ஒன்றின் முதுகில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருந்தது. பைனாகுலரை நிலைநிறுத்த நாலைந்து தடவை முயன்றேன். குஞ்சு. புகையிலை நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை. மற்றது முங்கி எழுந்து வந்து, அலகிலிருந்த சின்ன மீனை அதனிடம் நீட்டியது.

சின்ன ஏரிக்கு ஒரு ஜோடிதான் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். அப்படியானால் இவை அவையேதான். மறுபடி மறுபடி பார்த்தேன். முதுகில், பின்னால், அந்த இன்னொன்றின் பக்கத்தில். குஞ்சு ஒன்றுதான் இருந்தது.

மற்றதைக் கழுகு தூக்கியிருக்கலாம். பெரிய ஆமை கீழிருந்து இழுத்திருக்கலாம். முட்டை பொரியாமலே போயிருக்கலாம். சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மாளிடம் கேட்டேன். "அப்படியும் நடக்கும், பல வருஷம் ஒண்ணுகூட தேறாது," என்றார். என் அரை மணி நேரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.