டாஸ் போட நடந்தவன் எந்தக் கோட்டா?

எங்கள் வங்கிக் கிளையில் மேட்ச் நாளென்றால் கவுண்டருக்குப் பின்னால் ஸ்கோர்தான் பேச்சு. ஒருநாள் சக ஊழியர் ஒருவர் என் காதில் விழும்படியே சொன்னார்: "கிரிக்கெட்ல கோட்டா இல்ல ஸார். தகுதி, திறமை. அதான் உருப்படியா இருக்கு." நான் எந்தக் கோட்டாவில் வந்தவன் என்று அவருக்குத் தெரியும். அன்று சலான்களை அடுக்கியபடி சும்மா இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

கோட்டா இல்லையாம். மேற்கிந்தியத் தீவுகள் 1928ல் டெஸ்ட் ஆட வந்தது. மூச்சு வாங்கப் பந்து வீச, அடித்துக் குவிக்கக் கறுப்பன் வேணும். டாஸ் போட நடந்து போனது வெள்ளைத் தோல், தவறினால் அதையொட்டிய வெளிர் தோல். 1948ல் ஜார்ஜ் ஹெட்லிக்கு ஒரே ஒரு டெஸ்ட் கொடுத்தார்கள். மற்றபடி 1960 வரை இதே கதை. கரும்புத் தோட்டத்தின் பழைய சட்டம்தான்: உன் கை வேணும், உன் மூளை வேணாம்.

பிராங்க் வொரல் பார்படாஸில் பிறந்தவர். வலது கையால் அடிப்பார், இடது கையால் வீசுவார். 51 டெஸ்ட், 3860 ரன், 69 விக்கெட். 1950ல் நாட்டிங்ஹாமில் 261. உழைப்புக்கு உரிய கூலி கேட்டார், வாரியம் மறுத்தது, 1948-49 இந்தியப் பயணத்துக்கு வரவில்லை. கூலி கேட்பவனை எந்த ஆண்டைக்குப் பிடிக்கும்?

மான்செஸ்டரில் படிப்பதற்காக அவரே சில தொடர்களை விட்டதும் உண்மை. ஆனால் 1960 தொடக்கத்தில் அணிக்குத் திரும்பி இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 197 அடித்தபோதும் தலைமை ஜெர்ரி அலெக்சாண்டரிடமே இருந்தது. டிரினிடாடில் சி.எல்.ஆர். ஜேம்ஸ் தன் பத்திரிகையில் விடாமல் எழுதினார்: தலைமையை வொரலுக்குக் கொடு. மக்களும் கேட்டார்கள். அதன் பிறகுதான் கொடுத்தார்கள். தோழர்களே, இதைக் கவனியுங்கள். தகுதி பன்னிரண்டு வருஷமாக மைதானத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்க வைத்தது போராட்டம்.

ஆஸ்திரேலியா போனார். 1960 டிசம்பர், பிரிஸ்பேன்: டெஸ்ட் வரலாற்றின் முதல் 'டை'. தொடரை 2-1 என்று தோற்றும் மெல்போர்ன் வீதிகளில் ஜனம் திரண்டு வழியனுப்பியது. பதவி இழந்த அலெக்சாண்டர் வொரலின் கீழ் ஆடித்தான் தன் ஒரே டெஸ்ட் சதத்தை அடித்தார். நாங்கள் தலைமைக்கு வந்தால் எல்லாம் பாழாகும் என்கிறவர்கள் இதைப் படிக்கட்டும். 1963ல் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 3-1 என்று வென்றார். 1967ல், 42 வயதில், ரத்தப் புற்றுநோய் கொண்டுபோய்விட்டது.

இது ஏதோ தீவுக் கதை என்று தள்ளாதீர்கள். பல்வங்கர் பாலு, தீண்டப்படாதவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தவர். பூனாவில் அவர் வீசிய பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் மட்டும் அவருக்கு வெளியே, மண்குவளையில். இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை இல்லை. 1920ல் தம்பிகள் ஆட மறுத்து வெளியேறினார்கள். அந்தச் சண்டைக்குப் பிறகுதான், 1923ல், தம்பி விட்டல் தலைவரானார்.

பார்படாஸின் ஐந்து டாலர் நோட்டில் இன்று வொரலின் முகம் இருக்கிறது. நோட்டு எண்ணிப் பிழைக்கிறவன் நான். அந்த நோட்டு ஒன்றை ஒருநாள் கையில் வாங்கிப் பார்க்க ஆசை.

சக ஊழியர் மறுபடி ஆரம்பிக்கட்டும். இந்த முறை சும்மா இருக்க மாட்டேன். கேட்பேன்: "1928லேருந்து 1960 வரைக்கும் டாஸ் போட நடந்தவன் எந்தக் கோட்டா ஸார்?"